முன்பல் திட்டுகளுக்கு எட்டு வெனீர் தேவையா?

கேள்வி இது: வயது 28. பிறந்து வளர்ந்தது தர்மபுரி மாவட்டம், இப்போது சிங்கப்பூரில் வேலை. மேல் முன்பற்களில் விவரம் தெரிந்த நாளிலிருந்தே வெள்ளையும் பழுப்புமாகத் திட்டுகள். நடுப்பற்கள் இரண்டுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டர் இடைவெளி. ஆறு மாதத்தில் திருமணம். ஒரு பல் மருந்தகத்தில், "பல்லைச் சீவவே வேண்டாம், காண்டாக்ட் லென்ஸ் மாதிரி மெல்லிய வெனீர், எட்டுப் பல்லுக்கு 12,000 சிங்கப்பூர் வெள்ளி, பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்" என்று சொல்லியிருக்கிறார்கள். செய்யலாமா? வலிக்குமா? எத்தனை வருஷம் தாங்கும்?

நான் பல் மருத்துவர். இங்கே 20 ஆண்டுக்கும் மேலாக வேலை பார்க்கிறேன். வாயைத் திறந்து பார்க்காமல் உங்கள் பல்லுக்கு இன்னதுதான் என்று யாரும் முடிவு சொல்ல முடியாது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்தே ஒன்றைத் தயங்காமல் சொல்வேன்: எட்டு வெனீருக்கு (பல்லுக்கு முன்னால் ஒட்டும் மெல்லிய ஓடு) சம்மதம் சொல்வதற்கு முன்னால், அதைவிடச் சின்ன வேலைகள் சில இருக்கின்றன. அவற்றை வரிசையாகச் செய்து பாருங்கள். எட்டு என்பது இரண்டாகலாம். ஒன்றுகூடத் தேவைப்படாமலும் போகலாம்.

முதலில் அந்தத் திட்டு எங்கிருந்து வந்தது என்று பார்ப்போம். தர்மபுரி, கிருஷ்ணகிரி, சேலம் பக்கம் நிலத்தடி நீரில் பாறையிலிருந்து ஃப்ளோரைடு கரைந்து கலந்திருக்கிறது. குடிநீரில் லிட்டருக்கு 1 மில்லிகிராம், வேறு வழியே இல்லையென்றால் 1.5 வரை என்பது இந்தியத் தரக் கணக்கு. பல ஊர்களில் ஆழ்துளைக் கிணற்று நீர் அதைத் தாண்டியது. ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டத்தில் காவிரித் தண்ணீர் வரத் தொடங்கியது 2013ல்தான். நீங்கள் அதற்கு முன்னால் வளர்ந்தவர். நிரந்தர முன்பல்லின் எனாமல், அதாவது பல்லின் கடினமான வெளிப்பகுதி, பிறந்ததிலிருந்து நாலைந்து வயதுக்குள், தாடை எலும்புக்குள்ளேயே உருவாகி முடிந்துவிடும். அந்த வயதில் ஃப்ளோரைடு அளவுக்கு மீறி உடம்பில் சேர்ந்தால் எனாமலில் தாது முழுமையாக நிறையாது. மேலே ஒரு கெட்டியான தோல், அதன் கீழே நுண்ணிய துளைகள் என்று பல் முளைக்கிறது. துளைகள் வெளிச்சத்தைச் சிதறடிப்பதால் அந்த இடம் சுண்ணாம்பு போல வெள்ளையாகத் தெரிகிறது. பழுப்பு பின்னால் வந்தது. தேநீர், குழம்பு என்று சாப்பிட்டவற்றின் நிறம் அந்தத் துளைகளில் ஊறியதுதான். நன்றாகத் துலக்காததால் வந்தது என்று சின்ன வயதில் யாராவது உங்களைத் திட்டியிருந்தால் அதில் நியாயமே இல்லை. எவ்வளவு தேய்த்தாலும் அது போயிருக்காது.

(சிங்கப்பூர்க் குழாய்த் தண்ணீரிலும் 1950களின் பிற்பகுதியிலிருந்து ஃப்ளோரைடு சேர்க்கிறார்கள். அது லிட்டருக்கு 1 மில்லிகிராமுக்கும் குறைவு, பல் சொத்தையைத் தடுப்பதற்காக. அதைப் பார்த்துப் பயப்பட வேண்டாம்.)

இதில் உங்களுக்குச் சாதகமான செய்தி ஒன்று உண்டு. மிதமான திட்டுகளில் குறை பெரும்பாலும் எனாமலின் வெளிப்பகுதியோடு நின்றுவிடும். அப்படியானால் வைத்தியமும் அங்கேயே நிற்கலாம்.

முதல் படி வெண்மையாக்கல். பல் அச்சு எடுத்து உங்கள் அளவுக்கு ஒரு மெல்லிய தட்டுச் செய்வார்கள். அதில் 10 விழுக்காடு கார்பமைட் பெராக்சைடு ஜெல்லை வைத்து இரவில் போட்டுக்கொண்டு தூங்க வேண்டும். இரண்டு மூன்று வாரம். முதல் சில நாள் வெள்ளைத் திட்டு இன்னும் பளிச்சென்று தெரியும், பயந்து நிறுத்திவிடாதீர்கள். சுற்றியுள்ள பல் வெளுக்க வெளுக்கத் திட்டு அதோடு கலந்துபோகும். பழுப்பும் நன்றாகவே இளகும். கொஞ்சம் கூச்சம் இருக்கலாம், நிறுத்தினால் அடங்கிவிடும். இணையத்தில் விற்கும் பெயர் தெரியாத ஜெல்லை வாங்காதீர்கள். இந்த வலிமையுள்ள ஜெல் பல் மருத்துவர் கையிலிருந்துதான் வர வேண்டும்.

அடுத்த படியில் மீதமுள்ள பழுப்பை, நீர்த்த ஹைட்ரோகுளோரிக் அமிலமும் நுண்ணிய தேய்ப்புத் தூளும் கலந்த பசையால் மெல்லத் தேய்த்து எடுப்பார்கள். போவது மில்லிமீட்டரில் பத்தில் ஒன்று, இரண்டு பங்குதான்.

மூன்றாவதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. திட்டுக்குள் பிசினை ஊறவைக்கும் முறை இது, ஜெர்மனியின் பெர்லின், கீல் நகரங்களின் பல் மருத்துவ ஆய்வாளர்கள் வளர்த்தெடுத்தது. ஐகான் என்ற பெயரில் விற்கிறது. வடை சுற்றிய தாளை நினைத்துப் பாருங்கள். எண்ணெய் ஊறிய இடத்தில் தாள் கண்ணாடி மாதிரி ஆகிவிடும். தாளின் நார்களுக்கு இடையே இருந்த காற்றை எண்ணெய் நிரப்பியதால் வெளிச்சம் சிதறாமல் உள்ளே போகிறது. இங்கும் அதே கதைதான். 15 விழுக்காடு அமில ஜெல்லை இரண்டு நிமிடம் வைத்து மேல்தோலைத் திறந்து, ஆல்கஹாலால் உலர்த்தி, நீர் போல ஓடும் பிசினை அந்தத் துளைகளுக்குள் ஊறவிட்டு ஒளியால் இறுக்குகிறார்கள். எனாமலின் ஒளிவிலகல் எண் 1.62, காற்றுக்கு 1, பிசினுக்கு 1.5க்குக் கொஞ்சம் மேல். காற்று இருந்த இடத்தில் பிசின் வந்தவுடன் வெள்ளைத் திட்டு கண்ணெதிரே மங்குவதை நாற்காலியில் இருந்தபடியே கண்ணாடியில் பார்க்கலாம். ஊசி இல்லை, டிரில் இல்லை. ஆழமான திட்டு முழுதும் மறையாது, பாதியாகக் குறையும். பேசும் தூரத்தில் நிற்பவருக்குத் தெரியாமல் போக அந்தப் பாதியே பல பேருக்குப் போதுமாக இருந்திருக்கிறது.

ஒரு மில்லிமீட்டர் இடைவெளிக்கு வெனீர் தேவையே இல்லை. பல் நிறத்துக் கம்பாசிட்டை (பல் அடைக்கப் பயன்படும் பிசின் கலவை) இரண்டு பல்லின் பக்கவாட்டிலும் அரை அரை மில்லிமீட்டர் சேர்த்தால் மூடிவிடும். ஒரே நாள் வேலை. கம்பாசிட் ஐந்து முதல் ஏழு ஆண்டில் நிறம் மாறும், ஓரம் உடையும். மஞ்சளும் கோப்பியும் அதில் ஏறும் என்பது உண்மை. ஆனால் கீழே உங்கள் பல் அப்படியே இருக்கும். மெருகேற்றலாம், ஒட்டுப்போடலாம், எடுத்துவிட்டு வேறு முடிவுக்கும் போகலாம். 28 வயதில் அந்தச் சுதந்திரம் பெரிய சொத்து.

இத்தனையும் செய்த பிறகும் மனசுக்கு நிறைவில்லை என்றால் வெனீர். அதை நான் எதிர்க்கவில்லை. சரியான பல்லில் சரியாக ஒட்டினால் அருமையான வேலை அது. ஆனால் "சீவாத வெனீர்" என்ற சொல்லைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்க வேண்டும்.

வெனீர் என்பது பல்லின் முன்முகத்தில் ஒட்டும் செராமிக் ஓடு. வழக்கமான ஓடு 0.5 முதல் 0.7 மில்லிமீட்டர். மெல்லிய வகை 0.3 சுற்றுவட்டாரம், அதாவது கைவிரல் நகத்தைவிடக் கொஞ்சம் மெல்லியது. 1920களின் கடைசியில் கலிஃபோர்னியாவில் சார்லஸ் பிங்கஸ் என்ற பல் மருத்துவர் திரைப்பட நடிகர்களுக்கு இப்படி ஓடு செய்து கொடுத்தார். படப்பிடிப்பு முடிந்தால் கழற்றிவிட வேண்டும், ஏனென்றால் ஒட்ட வழியில்லை. 1955ல் மைக்கேல் புவோனகோர், எனாமலை அமிலத்தால் லேசாக அரித்துச் சொரசொரப்பாக்கினால் பிசின் இறுகப் பிடிக்கும் என்று காட்டினார். 1980களில் பீங்கானின் உள்முகத்தையும் அதே போல அரிக்கக் கற்றுக்கொண்டபின்தான் வெனீர் நிரந்தரமாக ஒட்டத் தொடங்கியது.

இந்தக் கதையைச் சொல்லக் காரணம் இருக்கிறது. வெனீர் நிற்பது தன் பலத்தில் இல்லை, எனாமலின் பலத்தில். அந்த 0.3 மில்லிமீட்டர் ஓடு, கையில் வைத்து அழுத்தினால் உடைந்துவிடும். எனாமலில் ஒட்டியபின் அதன் மேல் கடிக்கலாம். எனாமல் எடையில் ஏறக்குறைய 96 விழுக்காடு தாது. அதற்குக் கீழுள்ள டென்டினில் தாது 70 விழுக்காடுதான். மிச்சம் புரதமும் ஈரமும். அங்கே பசை அவ்வளவு உறுதியாகப் பிடிக்காது, காலப்போக்கில் தளரும். முன்பல்லின் முனைப்பக்கம் எனாமல் சுமார் ஒரு மில்லிமீட்டர். ஈறருகே 0.3, 0.4தான். போன எனாமல் மறுபடி வளராது. ஆகவே நான் பார்க்கும் அளவுகோல் ஓட்டின் மெல்லிமை இல்லை. வேலை முழுவதும் எனாமலுக்குள்ளேயே முடிகிறதா என்பதுதான். சில பல்லில் 0.2 மில்லிமீட்டர் சீவிவிட்டு ஒட்டுவது, சீவாமல் ஒட்டுவதைவிட நல்ல வேலையாக இருக்கும்.

ஏன் என்றால், சீவாமல் ஒட்டினால் அத்தனை கனமும் பல்லுக்கு முன்னால் சேர்கிறது. பல் சிறியதாக, தேய்ந்ததாக, உள்பக்கம் சாய்ந்ததாக, இடைவெளியோடு இருந்தால் அந்தக் கனம் அழகாகவே உட்காரும். பல் ஏற்கெனவே எத்திக்கொண்டிருந்தால் உதடு இன்னும் தள்ளும். ஒன்றன்மேல் ஒன்று ஏறிய பல்லுக்கு முதலில் வரிசையைச் சீராக்க வேண்டும். கம்பியோ வெளிப்படையான உறையோ போட்டுச் சில மாதம் நகர்த்தினாலே வெனீர் ஆசை போய்விடுவதும் உண்டு. பல்லின் நிறம் கருமை என்றால் மெல்லிய ஓடு மறைக்காது. ஒரு படி நிறம் மாற்ற 0.2, 0.3 மில்லிமீட்டர் கனம் வேண்டும் என்பது எங்கள் தொழிலில் புழங்கும் கணக்கு. சின்ன வயதில் டெட்ராசைக்ளின் மருந்தால் சாம்பலேறிய பல்லில் நாலைந்து படி மாற்ற வேண்டியிருக்கும், 0.3 ஓடு எப்படிப் போதும்? உங்கள் பழுப்பையும் அதனால்தான் முதலில் இளக்கச் சொல்கிறேன். அடிநிறம் வெளுத்தால் ஓடு மெல்லியதாக இருக்கலாம்.

சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பெண் என்னிடம் வந்தார். ஈறு ஓயாமல் ரத்தம் கசிகிறது என்பதுதான் புகார். வேறிடத்தில் பத்து பல்லுக்குச் சீவாத வெனீர் போட்டிருந்தார். ஈறருகே ஒவ்வோர் ஓடும் திண்ணை மாதிரி நீட்டிக்கொண்டிருந்தது. பிரஷ் புகாத அந்த விளிம்பின் கீழ் அழுக்குச் சேர்ந்து, பத்து பல்லைச் சுற்றியும் ஈறு வீங்கிச் சிவந்திருந்தது. ஆறு ஓடுகளை நான் எடுக்க வேண்டி வந்தது. எடுப்பது என்றால் கழற்றுவது என்று நினைத்துவிடாதீர்கள். ஒழுங்காக ஒட்டிய செராமிக்கைப் பெரும்பாலும் வைரத்தூள் முனையால் அரைத்துத்தான் நீக்குகிறோம். ஓடு எங்கே முடிகிறது, பல் எங்கே தொடங்குகிறது என்று உருப்பெருக்கியிலும் கண் தடுமாறும். எவ்வளவு கவனமாகச் செய்தும் சில இடங்களில் எனாமல் கொஞ்சம் போனது, அது எனக்கு இன்றும் வருத்தம். "பிடிக்காவிட்டால் கழற்றிவிடலாம்" என்று உங்களிடம் சொன்னது சரியில்லை.

இன்னொன்றையும் கேட்டுத் தெளிந்துகொள்ளுங்கள்: போடப்போவது வெனீர்தானா, பல்லை முழுதும் மூடும் உறையான கிரவுனா? விளம்பரங்களில் இரண்டையும் ஒரே பெயரில் அழைக்கிறார்கள். வெனீருக்கு வெளியே தெரியும் பல்லில் 3 முதல் 30 விழுக்காடு வரை போகலாம். கிரவுனுக்கு 63 முதல் 72 விழுக்காடு போகும். பல்லைச் சுற்றிலும் சீவி முளைக்குச்சி மாதிரி ஆக்கிவிடுவார்கள். நோயில்லாத முன்பல்லை அழகுக்காக அப்படிச் செய்வதை நான் ஒருபோதும் ஏற்கமாட்டேன். அதில் ஒரு பங்கு பல்லுக்கு நரம்பு செத்து, பின்னால் வேர் சிகிச்சைவரை போகும்.

வெனீர்தான் என்று முடிவானால், பல்லைத் தொடுவதற்கு முன் வாயிலேயே மாதிரி வைத்துப் பார்க்கச் சொல்லுங்கள். மெழுகிலோ கணினியிலோ வடிவமைத்து, அந்த அச்சில் தற்காலிகப் பிசினை ஊற்றிப் பல் மேல் வைப்பார்கள். அரை மணி நேரத்தில் முடியும். இந்தப் படியைத் தவிர்க்கும் மருந்தகத்தில் நான் என் பல்லைக் கொடுக்கமாட்டேன். மாதிரியோடு கண்ணாடி முன் சிரித்தால் மட்டும் போதாது, பேச வேண்டும், தமிழில் பேச வேண்டும். 'வவ்வால்', 'வாவா' என்று சொல்லும்போது மேற்பல் முனை கீழுதட்டின் ஈரமும் உலர்வும் சந்திக்கும் கோட்டை லேசாகத் தொட வேண்டும். உதட்டின் வெளியே போய் இடித்தால் பல் நீளம் அதிகம். 'சரஸ்வதி', 'பஸ்' சொல்லும்போது விசில் வந்தால் முனையின் கனத்தைக் குறைக்க வேண்டும். த, ந இரண்டுக்கும் நாக்கு மேற்பல்லின் பின்புறம் போய்த் தொடும். அந்தப் பக்கம் ஓடு மடிந்து வந்திருந்தால் 'தந்தை', 'வந்தாள்' எல்லாம் இரண்டு நாளைக்கு வேறு மாதிரி ஒலிக்கும். வீட்டாரோடு வீடியோவில் ஐந்து நிமிடம் பேசிப் பாருங்கள். அம்மாவின் காது கண்டுபிடித்துவிடும்.

நிறத்தில் ஒரு சொல். மண்டப விளக்கிலும் படத்திலும் பளிச்சென்று இருக்க வேண்டும் என்று நிற அட்டையின் கடைசி வெள்ளையைக் கேட்பவர்கள் நிறைய. நம் தோல் நிறத்துக்கு அது எடுப்பாகத் தெரியாது, வாய் மட்டும் தனியாக நிற்கும். உங்கள் கண்ணின் வெண்மையைவிட வெளுப்பாகப் போகாதீர்கள். செராமிக் பின்னால் வெளுக்காது, கறுக்காது. இன்று தேர்ந்தெடுத்த நிறம் அப்படியே இருக்கும், சுற்றியுள்ள சொந்தப் பல்தான் வயதோடு மாறும்.

வலி பற்றிக் கேட்டீர்கள். எனாமலுக்குள் நிற்கும் வேலைக்குப் பெரும்பாலும் மரத்துப்போகும் ஊசிகூட வேண்டாம். கொஞ்ச நாள் குளிர்ந்த தண்ணீருக்குக் கூசலாம், அவ்வளவுதான்.

எத்தனை வருஷம்? எனாமலில் ஒட்டிய செராமிக் வெனீரில் பெரும்பாலானவை பத்து ஆண்டைத் தாண்டி நிற்கின்றன, 15, 20 ஆண்டு போனதையும் பார்த்திருக்கிறேன். ஆனால் சாகும்வரை என்று நினைக்காதீர்கள். 28 வயதில் போட்டால் ஆயுளில் மூன்று முறையாவது மாற்ற வேண்டியிருக்கும் என்று கணக்கு வையுங்கள், ஒவ்வொரு மாற்றத்திலும் எனாமல் கொஞ்சம் குறையும். இங்கே தனியார் மருந்தகங்களில் ஒரு செராமிக் வெனீர் சுமார் 1,000 முதல் 2,000 வெள்ளி என்பதால் உங்களுக்குச் சொன்ன விலை இங்கே வழக்கமான விலைதான். அழகுக்கான வேலைக்கு மெடிசேவ் என்ற மருத்துவச் சேமிப்புக் கணக்கிலிருந்து பணத்தை எடுக்க முடியாது, அரசின் சாஸ் மருத்துவ உதவித் திட்டமும் கைகொடுக்காது. முழுத் தொகையும் கைக்காசு. முதல் முறையையும் சேர்த்து அந்த 12,000ஐ நான்கால் பெருக்கிப் பார்த்தபின் முடிவெடுங்கள்.

தூக்கத்தில் பல்லை நறநறவென்று கடிக்கும் பழக்கம் உண்டா என்று கூட இருப்பவரைக் கேளுங்கள். நான் தொழிலுக்கு வந்த புதிதில் ஒருவரிடம் இதைக் கேட்கத் தவறினேன், நாலு மாதத்தில் இரண்டு ஓடு உடைந்து வந்தார். கடிப்பவர் என்றால் இரவுக் காப்பு உறை போட்டே ஆக வேண்டும். எலும்பு கடிப்பதும் பொங்கலுக்குக் கரும்பு உரிப்பதும் முறுக்கை முன்பல்லால் உடைப்பதும் கம்பாசிட், வெனீர் இரண்டுக்கும் ஆகாது, கடைவாய்க்குத் தள்ளிவிடுங்கள். கரித்தூள் பற்பசையும் வேண்டாம்.

யாரிடம் செய்வது? சிங்கப்பூர்ப் பல் மருத்துவ மன்றத்தின் இணையப் பதிவேட்டில் பெயரைத் தேடிப் பாருங்கள். அதில் இல்லாதவர் உங்கள் வாயில் கை வைக்கச் சட்டம் அனுமதிக்கவில்லை. அழகு நிலையத்திலோ வீட்டிலோ "உடனடி வெனீர்" போடுகிறேன் என்பவர்களிடம் போகாதீர்கள். உங்கள் பல்லின் நிலை சிக்கலாகத் தெரிந்தால் தேசிய பல் மருத்துவ நிலையத்தில் செயற்கைப் பல் துறை நிபுணரிடம் இரண்டாவது கருத்துக் கேட்கலாம். ஜொகூர் பாருவிலோ சென்னையிலோ செலவு குறையும். நல்ல மருத்துவர்கள் அங்கேயும் இருக்கிறார்கள். ஆனால் பத்து நாள் விடுப்பில் போய் எட்டுப் பல்லை முடித்துவிட்டு வரும் திட்டத்தில் அவசரம்தான் எதிரி. ஈறு ஆறவும் மாதிரியோடு பழகவும் திருத்தவும் நாள் வேண்டும்.

உங்களிடம் ஆறு மாதம் இருக்கிறது, தாராளம். இந்த வாரமே பல் சுத்தம், எக்ஸ்ரே, சொத்தை இருந்தால் அடைப்பு. அடுத்த மூன்று வாரம் வெண்மையாக்கல். அப்புறம் இரண்டு வாரம் சும்மா இருங்கள். பெராக்சைடு விட்டுப்போன ஆக்சிஜன் பல்லில் தங்கியிருக்கும்போது பிசின் சரியாக இறுகாது. பிறகு திட்டுக்குப் பிசின் ஊறவைத்தல், அதன்பின் இடைவெளிக்குக் கம்பாசிட். இரண்டு மாதத்தில் இதெல்லாம் முடிந்துவிடும். மூன்றாம் மாதத் தொடக்கத்தில் பகல் வெளிச்சத்தில் ஒரு படம் எடுத்துப் பாருங்கள். அப்போதும் கண்ணை உறுத்துகிற பல்லுக்கு மட்டும் வெனீர் பேசலாம், அதற்கும் நேரம் மிச்சம் இருக்கும்.

எந்த மருத்துவரிடம் போனாலும் தர்மபுரித் தண்ணீரில் வளர்ந்ததை முதலிலேயே சொல்லிவிடுங்கள். ஃப்ளோரைடு ஏறிய எனாமலின் மேல்தோல் அமிலத்துக்கு எளிதில் மசியாது. மற்றவர்களுக்கு 15 முதல் 30 விநாடி வைக்கும் அமிலத்தை உங்கள் பல்லில் இன்னும் கூடுதல் நேரம் வைக்க வேண்டியிருக்கும். இது தெரியாமல் ஒட்டினால், கம்பாசிட்டோ வெனீரோ, சில மாதத்தில் பெயர்ந்து கையில் வந்துவிடலாம்.